வருஷத்துக்குள் ஒரு வாரம் புகுந்த கோடை

எங்கள் தீவில் வருஷங்களுக்கு எண் கிடையாது. திமிங்கிலம் ஒதுங்கிய வருஷம், எரிமலை தும்மிய வருஷம், ஹெல்கி என்ற ஒரே பெயர்க்காரர் இருவர் ஒரே குதிரைக்காக வெட்டிக்கொண்ட வருஷம் என்று அடையாளம் சொல்வோம். இது வாரம் கூட்டிய வருஷத்தின் கதை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன். ஊரார் என்னை அளப்பன் ஸ்கெக்கி என்று கூப்பிடுவது வேறு ஏதோ காரணத்துக்காக.

அந்த நாளில் எங்களுக்கு வருஷம் என்றால் ஐம்பத்திரண்டு வாரம். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. சூரியனுக்குத்தான் அது போதவில்லை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் கோடை அதன் இடத்தை விட்டு ஒரு நாள் முன்னால் நகர்ந்து, தாத்தா காலத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து, குளிர்காலத்தின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கோடைப் பிறப்பன்று நாங்கள் பனியை வெட்டி வழி செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போவோம். ஒரு கோடைப் பிறப்பில் என் அண்ணன் ஒட்கெல்லின் கிடா பனிக்குள் புதைந்து கொம்பு மட்டும் வெளியே நின்றது. ஏதோ சுள்ளி என்று நினைத்து ரன்வெய்க் அண்ணி அதில் சட்டையைக் காயப்போட்டாள். பனி உருகியதும் கிடா எழுந்து, அண்ணனின் சட்டையோடு மேய்ச்சலுக்குப் போயிற்று. மற்ற ஆடுகள் எழுந்து வழிவிட்டதை நான் பார்த்தேன்.

ஆனால் கதை கிடாவைப் பற்றியது அல்ல. அண்ணன் மகள் அஸ்னியைப் பற்றியது.

அஸ்னியைப் பிராண்ட் என்ற பையனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். எங்கள் கடல்நாய்க் குடாவிலேயே வளர்ந்தவன். தோள் மாட்டுத்தோள், பேச்சு கணக்கான பேச்சு. சொன்ன சொல்லை எழுத்து மாறாமல் காப்பான். ஒருமுறை அண்ணி அவனிடம், "நான் வர்ற வரைக்கும் இந்தப் பாலப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மறந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படிப்பட்டவன் மீது அஸ்னிக்கு அப்படி ஓர் ஆசை. பெண் மனது என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கும். நான் சொல்லும் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே கடைசிவரை கேட்டவன் அவன் ஒருவன்தான்.

வீடு கட்ட மரம் வேண்டும் என்று பிராண்ட் நார்வேக்குக் கப்பல் ஏறினான். எங்கள் தீவில் விளையும் மரம் பல் குத்தத்தான் ஆகும். அவன் போகும்போது, ஊர் வழக்கப்படி சாட்சி வைத்துக் கெடு பேசினோம். மூன்றாம் கோடையில், புல்லறுப்பு மாதத்தின் முதல் ஞாயிறு பிறப்பதற்குள், அதாவது முந்தின சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், அவன் தன் காலால் நடந்து வந்து, அண்ணன் வீட்டு வாசலில் நின்று பெண்ணைக் கேட்க வேண்டும். பெண் வீட்டார் போய்க் கூப்பிட்டால் செல்லாது. பெண்ணே போனால் அதைவிடக் கேவலம். ஞாயிறு பிறந்துவிட்டால் கெடு முறிந்தது. அண்ணன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

யாருக்கு என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொல்பெய்ன். மனைவியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர், நிறைய மாடு, அதைவிட நிறைய பெருமூச்சு. கெட்டவர் என்று ஒரு சொல் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் அஸ்னிக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பிராண்ட் கெடுவுக்குள் வராவிட்டால் அந்த ஞாயிறே கல்யாணம் என்று அண்ணன் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு கோடை போயிற்று. பிராண்டிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மூன்றாம் கோடையும் வந்தது.

அந்தக் கோடையில் நாட்டுச் சபைக்கு அண்ணன், கொல்பெய்ன், நான் மூவரும் போனோம். அங்கே எங்கள் தீவின் மேற்கத்திக்காரர் ஒருவர் சட்டப்பாறையில் ஏறி, கோடை ஏன் நழுவுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கோடையின் நடுவில், புல்லறுப்பு மாதத்துக்குச் சற்று முன்னால், ஒரு வாரம் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இந்த வருஷமே தொடங்கலாம் என்றார். சபை கொஞ்சம் யோசித்தது. கொல்பெய்ன் யோசிக்கவில்லை. அவருடைய நிலம் வடக்குச் சரிவில் இருந்தது. புல்லறுப்பு மாதம் பிறக்கும்போது அவர் புல் கணுக்கால் உயரம்கூட இருக்காது. வருஷா வருஷம் கத்தரிக்கோலால் அறுக்காத குறை.

"கூட்டுங்கய்யா! ஒரு வாரமென்ன, ரெண்டு வாரமா கூட்டுங்க!" என்று கத்திக்கொண்டு, சம்மதத்துக்கு அடையாளமாக வாளால் கேடயத்தைத் தட்டினார். எங்களில் சம்மதம் சொல்வது அப்படித்தான். ஆனால் அவர் தட்டிய தட்டில் கேடயத்தின் குமிழ் தெறித்துப் போய்ப் பக்கத்துக் கூடாரத்துக் கஞ்சிப் பானையில் விழுந்தது. அவர் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். வாரம் கூட்டியாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மூன்றாம் நாள், ஓர் ஓடையைத் தாண்டும்போது கொல்பெய்ன் குதிரையை நிறுத்தினார்.

"ஸ்கெக்கி அண்ணே, என் கல்யாணம் என்னைக்கு?"

"புல்லறுப்பு மாசம் முதல் ஞாயிறு."

"அது என்னைக்கு வருது?"

"முந்தி வர வேண்டிய அன்னைக்கு வராது. ஒரு வாரம் கழிச்சு வரும். நடுவுல நீங்க கூட்டின வாரம் இருக்குல்ல."

குதிரை ஓடையில் தண்ணீர் குடித்து முடித்து, எங்களைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் வழக்காடிப் பார்த்தார். கூடத்தில் அண்ணி கருவாட்டைக் கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அஸ்னி தறியில் நின்றாள்.

"கெடு பேசினப்போ இந்த வாரம் இல்ல, ஒட்கெல். அதனால பழைய ஞாயிறுதான் கணக்கு. நியாயத்த நீயே சொல்லு" என்றார் கொல்பெய்ன்.

அண்ணன் தாடியைச் சொறிந்தார். அவருக்கு நியாயம் என்பது யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

அஸ்னி தறியை விட்டுத் திரும்பாமலே கேட்டாள். "பழைய ஞாயிறு எங்க இருக்கு, கொல்பெய்ன் ஐயா?"

"எங்கன்னா?"

"அன்னைக்குப் புல்லறுப்பு மாசம் பொறக்குமா?"

"பொறக்காது. கூட்டின வாரம் பொறக்கும்."

"நம்ம கெடு எதுல? புல்லறுப்பு மாசத்துலதான? அது பொறக்கிறதுக்கு முன்னாடியே என்னைக் கட்டிக்கிட்டா ஊரு என்ன பேசும்? அவசரப்பட்டாருன்னு பேசும். சபையில ஓங்கித் தட்டினதும் நீங்கதானாமே. குமிழு கஞ்சியில விழுந்ததா சித்தப்பா சொன்னாரு."

"உங்க சித்தப்பா சொல்றத நம்பாதம்மா."

"அப்போ விழலையா?"

கொல்பெய்ன் பெருமூச்சு விட்டார். "விழுந்துச்சு" என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

அப்படி அஸ்னிக்கு ஒரு வாரம் கிடைத்தது. ஒரு வாரம்தான். அதற்குள் பிராண்ட் வந்து வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவள் ஆற்றைத் தாண்டிப் போய், ஆயுசுக்கும் நல்லவர் ஒருவரின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. வாரம் கூட்டிய சேதி எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேரவில்லை. மலைக்கு அப்பால் இருந்த கொல்பெய்னின் சொந்தக்காரர்கள் பழைய ஞாயிற்றுக்கே குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். கல்யாணம் இன்னும் ஒரு வாரம் கழித்து என்றதும், "அதுக்கென்ன, இருந்துட்டுப் போறோம்" என்று எங்கள் வீட்டு மேட்டில் கூடாரம் அடித்தார்கள். அந்த வாரத்துக்குக் கணக்கில் இடம் இல்லாததால், அதில் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் கணக்கில்லை என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். வெண்ணெய் மலையாகப் போயிற்று. ஒரு கிழவர் தயிர்த் தொட்டிக்குள் குனிந்து குடித்து, புதன்கிழமைதான் நிமிர்ந்தார். கொல்பெய்ன் ஆற்றைக் கடந்து ஆடும் கள்ளுமாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குக் காய்ச்சிய பார்லிக் கள்ளை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

அஸ்னி தினமும் முனைக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். துணைக்கு நானும் போனேன். மனது கனக்காமல் இருக்கட்டும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை வரைக்கும் அவள் சிரித்தாள். வெள்ளிக்கிழமை சிரிக்கவில்லை.

வெள்ளி உச்சிப்பொழுதில் குடாவின் வாயில் ஒரு பாய் தெரிந்தது. பழுப்புப் பாயில் நடுவே ஒரு சிவப்பு ஒட்டு. அந்த ஒட்டைத் தைத்தவள் என் பக்கத்தில் நின்றாள். என் கையை அவள் பிடித்த பிடியில் விரல்கள் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டன. பிற்பாடு பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

கப்பல் உள்ளே வந்தது. பாதி தூரம் வந்தது. நின்றது. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே வெளியே போய், முனையைச் சுற்றி அடுத்த குடாவின் பக்கம் மறைந்தது. அஸ்னி கத்திய கத்தல் காற்றோடு போயிற்று.

"சித்தப்பா, அவன் ஏன் போறான்?"

நான் மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். கூடாரங்கள், புகை, நெருப்பில் சுழலும் ஆடுகள், புது உடுப்பில் ஓடும் பிள்ளைகள். கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அது கல்யாண வீடு. அதுவும் சாதாரணமாகப் பார்க்கிறவன் இல்லை, சொன்ன சொல் எழுத்து மாறாதவன். மூன்று வருஷமாக வாரத்துக்கு ஒரு கீறல் கம்பில் போட்டுக்கொண்டு வந்திருப்பான். அவன் கம்பில் கெடு போன ஞாயிறே முடிந்துவிட்டது.

"கூட்டினது அவனுக்குத் தெரியாதும்மா" என்றேன். "தோத்துட்டதா நெனச்சுட்டுப் போறான்."

அவள் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "வாசல் வரைக்கும் வந்துட்டா? மடையன்! ஒருத்தர்கிட்ட கேட்டா என்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் போகக் கூடாது. அப்பா போகக் கூடாது. நீங்க போய்க் கூப்பிடவும் கூடாது. ஆனா நடந்தத அவன்கிட்டச் சொல்லலாம். சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லல. போங்க சித்தப்பா. உண்மைய மட்டும் சொல்லுங்க. ஒரு தடவையாச்சும்."

நான் என்றைக்குப் பொய் சொன்னேன் என்று கேட்க நேரம் இல்லை. குதிரை ஏறினேன்.

மலைமேட்டைத் தாண்டி அடுத்திருந்த மொட்டைக் குடாவில் இறங்கியபோது, பிராண்ட் கரையில் ஒரு நார்வே மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கப்பல்காரர்கள் தள்ளி நின்று அவனைப் பார்க்காதமாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா" என்று எழுந்தான். "அஸ்னி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. இன்னும் கல்யாணம் ஆகல. நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் கெடு இருக்கு."

"கெடு போன ஞாயிறோட முடிஞ்சுது, மாமா. காத்து அடிச்சு ஒரு வாரம் பிந்திட்டேன்."

"முடிஞ்சிருக்கும். ஆனா இந்த வருஷத்துல ஒரு வாரம் கூட்டிட்டாங்க."

"எங்க கூட்டினாங்க?"

"கோடைக்கு நடுவுல."

"எதுக்கு?"

"பத்தல."

"யாருக்கு?"

"சூரியனுக்கு."

கப்பல்காரர்களில் ஒருவன் மூக்கால் சிரித்தான். பிராண்ட் சிரிக்கவில்லை. எருது பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"மாமா, சின்ன வயசுல நீங்க சொன்னதெல்லாம் நம்பினேன். காத்துல பசு அடுத்த பண்ணைக்குப் பறந்து, பால் மட்டும் தனியா வீட்டுக்கு வந்துச்சுன்னீங்க. நம்பினேன். இன்னைக்கு மனசு வெந்து உக்காந்திருக்கேன். இன்னைக்குமா?"

"டேய், தோர் சாமி சத்தியமா. இந்தா, கை வளையத்து மேல சத்தியம்."

"கிடா சட்டை போட்டதுக்கும் இந்த வளையத்து மேலதான் சத்தியம் பண்ணீங்க."

"அதுவும் நடந்ததுதானடா!"

அவன் திரும்பவும் மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். நான் மேற்கத்திக்காரரைப் பற்றிச் சொன்னேன். கேடயத்தைப் பற்றிச் சொன்னேன். குமிழ் கஞ்சிப் பானையில் விழுந்ததைச் சொன்னதும் கப்பல்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சொல்லு பெருசு" என்றார்கள். உண்மையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எந்தப் பொய்யனும் பட்டிருக்க மாட்டான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்று புரிந்தது: அவன் எதை நினைத்து நொந்து உட்கார்ந்திருக்கிறானோ, அதைச் சொன்னால்தான் நம்புவான்.

"சரி" என்று தரையில் உட்கார்ந்தேன். "நீ கெட்டிக்காரன். உன்கிட்ட ஒளிக்க முடியல. கல்யாணம் முடிஞ்சிருச்சுடா. போன ஞாயிறே."

அவன் தலையை ஆட்டினான். இதைக் கேட்டு அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது, பாவம்.

"விருந்து இன்னும் நடக்குது. நாளைக்குச் சாயங்காலம்தான் முடியுது. உன் கப்பல் உள்ள வந்துட்டுத் திரும்பினத எல்லாரும் மேட்டுல நின்னு பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சிலர் பாவம்னாங்க. கொல்பெய்னோட ஆளுங்க, பிராண்ட் பயந்து ஓடிட்டான்னாங்க."

அவன் எழுந்து நின்றான். மரம் பாதி மணலில் புதைந்திருந்தது, அவன் உட்கார்ந்த கனத்தில்.

"யாரு பயந்தது? பிந்தினேன். பிந்தினத நேர்ல வந்து சொல்லி, அவரு கையக் குலுக்கி வாழ்த்திட்டுத்தான் போவேன். நான் ஓடுற ஆளா?"

"நான் உன்னக் கூப்பிடல" என்றேன். அதை மட்டும் கப்பல்காரர்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். "உனக்கு வேணும்னா நடந்து வா."

சனிக்கிழமை சாயங்காலம், மாடுகளைக் கறக்க ஓட்டி வரும் வேளையில், அவன் எங்கள் வாசலில் நின்றான். நான் பின்னால் குதிரையில் வந்தேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடம் முழுக்க ஆட்கள். மறுநாள் கல்யாணத்துக்கு இலைக்கொத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்னி அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து, திரும்ப உட்கார்ந்து, திரும்ப எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

பிராண்ட் யார் முகத்தையும் பார்க்காமல் கொல்பெய்ன் முன்னால் போய் நின்றான். "பிந்திட்டேன். மன்னிச்சுக்கோங்க. உங்க கல்யாணத்துக்கு வாழ்த்து" என்று கையை நீட்டினான்.

கொல்பெய்ன் அந்தக் கையைப் பார்த்தார். அவர் பிடித்துக் குலுக்கி, "நல்லதுப்பா, சாப்பிட்டுப் போ" என்று சொல்லியிருந்தால் போதும். அவன் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான். பொழுது சாய்ந்திருக்கும். வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவர் மேட்டில் தன் ஆடுகளையெல்லாம் தின்று தீர்த்த சொந்தக்காரர்களைப் பார்த்தார். அஸ்னியைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் விட்ட பெருமூச்சில் அடுப்பு ஒருமுறை சுடர்விட்டது.

"கல்யாணம் இன்னும் ஆகலப்பா" என்றார். "நாளைக்குத்தான். வருஷத்துல ஒரு வாரம் கூட்டியிருக்கோம். நான்தான் மொதல்ல தட்டினேன். இப்போ நீ வாழ்த்துச் சொல்லிட்டு நிக்காத. கேக்க வேண்டியதக் கேளு. பொழுது போகுது."

பிராண்ட் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் அவன் அண்ணன் முன்னால் போய், சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைத்து, பெண்ணைக் கேட்டான். குரல் உடைந்ததால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. கடைசியாகப் பேசியவன் அவன்தான் என்பதால் அண்ணனும், "சரிதான்" என்றார்.

எல்லோரும் அஸ்னியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து போய் அவனுக்கு எதிரே நின்றாள்.

"கண்ணுல படுற தூரத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போனியே. ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"கெடு முடிஞ்சுதுன்னு..."

"கெடுவா உன்னக் கட்டிக்கப் போகுது? நான் முனையில நின்னு கத்தினேன், தெரியுமா? மூணு வருஷம் காத்திருந்தேன். நீ இப்போ ஒரு வாரம் மாட்டுக் கொட்டகையில கிட. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

"சரி" என்றான் பிராண்ட், கொட்டகைப் பக்கம் நடந்தான். அவனிடம் சொன்னால் சொன்னதுதான்.

கொல்பெய்ன் குறுக்கே ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "தாயே, கொஞ்சம் பொறும்மா. கோவம் நியாயந்தான். ஆனா கள்ளு நாளைக்குன்னு கணக்குப் போட்டுக் காய்ச்சினது. ஏற்கனவே கல்யாணமே ஒரு வாரம் தள்ளிப் போச்சு. இன்னொரு வாரம் தாங்காதும்மா, புளிச்சுரும். எனக்காக இல்ல, அந்தக் கள்ளுக்காகவாவது நாளைக்கே கட்டிக்கம்மா."

அஸ்னி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் போனது எங்கே என்று தெரியவில்லை. குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்காகத்தான்" என்றாள். "கள்ளுக்காக இல்ல."

மறுநாள் புல்லறுப்பு மாதம் பிறந்தது. புல் முழங்கால் உயரம் நின்றது, வடக்குச் சரிவிலும்கூட. கூடத்தில் கொல்பெய்னே குடத்தைத் தூக்கிவந்து மாப்பிள்ளைக்கு முதல் கோப்பையை ஊற்றினார். ஊற்றும்போது அவர் கை நடுங்கியதாகச் சிலர் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் நான். அது குளிரில் நடுங்கியது. கோடைதான், ஆனாலும் எங்கள் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் குளிர் இருக்கும்.